ரேடியோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நான் பட்ட பாடு

இரண்டு மெஷின்களை ஒன்றோடொன்று பேச வைத்துப் பிழைக்கிற தொழிலில், அவை பேசாவிட்டாலும் நமக்குத்தான் திட்டு, பேசினாலும் நமக்குத்தான் திட்டு. பிரிண்டர் சரிசெய்கிறவர்கள், கேமரா மாட்டுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடுவில் “வைஃபை வரல்ல” என்று வெளியே கூப்பிடப்படுகிறவர்கள், எல்லாரும் என் சொந்தக்காரர்கள். இதை உங்களிடம்தான் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியும். வீட்டில் சொன்னால் வேறு வேலை பார்க்கச் சொல்கிறார்கள்.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே எனக்கு ஒரு சின்னக் கடை. கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் சோறு போடுகிறது. ஆனால் ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது அரசாங்கத்திடம் முறையாக லைசன்ஸ் வாங்கி, வீட்டுக் கூரைக்கு மேல் கம்பி கட்டி, ஆகாயம் வழியாக ஊர்க்கதை பேசுகிற பைத்தியங்கள், என்னைப் ‘பெட்டிக்காரி’ என்பார்கள். நானும் அந்த லைசன்ஸ் வைத்திருக்கும் பைத்தியம்தான். பெட்டி என்பது ரேடியோ செட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உட்காருகிற உள்ளங்கை அளவு டப்பா. கம்ப்யூட்டரில் சத்தம் எழுந்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், ரேடியோ தானாகப் பேசும் நிலைக்குப் போகும், சத்தம் ஆகாயத்தில் ஏறிவிடும். சத்தம் நின்றால் ரேடியோ மறுபடி கேட்கும் நிலைக்குத் திரும்பும். சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். நான் மாட்டிக் கொடுத்த பெட்டிகள் நிறைய. அவற்றில் ஒன்றின் கதைதான் இது.

பலகையில் வந்த ஆர்டர்

ராஜையன் சாரும் அவர் மனைவி லில்லிபாய் டீச்சரும் ஒரு நாள் கடைக்குள் வந்து நின்றபோது நான் திடுக்கிட்டேன். சார் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ரேடியோக் கூட்டத்தில் பழைய ஆள். தினமும் காலையில் நாங்கள் ஒரே அலைவரிசையில் கூடுவோம், அதற்கு நெட் என்று பெயர். சுசீந்திரத்து மாதவன் அண்ணாச்சி ஒவ்வொருவருடைய அழைப்புக்குறியையும், அதாவது லைசன்ஸோடு கிடைக்கிற ரேடியோப் பெயரை, கூப்பிடுவார். கூப்பிட்டவர் “ஆஜர்” சொல்லி, மழை முதல் மூட்டுவலி வரை எல்லாம் பேசுவார். கொஞ்ச மாதமாக சார் நெட்டுக்கு வரவில்லை. மஸ்கட்டில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். இப்போது கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு என் முன்னால் நிற்கிறார்.

தொண்டையில் கட்டி, ஆபரேஷன் செய்து குரலையே எடுத்துவிட்டார்கள் என்று டீச்சர் சொன்னார். துணிக்குப் பின்னால் மூச்சுவிட ஒரு துளை இருக்கிறதாம். விஷயத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சார் கட்டளை. அதனால் போன் செய்தவர்களிடமெல்லாம் “நாங்க மஸ்கட்ல ஆக்கும்” என்று சண்டே ஸ்கூல் நடத்துகிற டீச்சர், சமையலறையில் நின்றுகொண்டே பொய் சொல்லியிருக்கிறார். சார் கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும். அதில் எழுதிக் காட்டினார்: ‘தினமும் நெட் கேட்கிறேன். அண்ணாச்சி என் பேரைக் கூப்பிடுவார். பதில் சொல்ல முடியாது.’ அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: ‘இப்போது கூப்பிடுவதும் இல்லை.’ தந்தி மாதிரி சாவி தட்டி அனுப்பும் முறை சாருக்குத் தெரியாது, அவர் வாய்ப்பேச்சு ஆள். டைப் அடித்ததைக் கம்ப்யூட்டர் வாசிக்க வேண்டும், அந்தச் சத்தத்தைப் பெட்டி ரேடியோவுக்குக் கொண்டுபோக வேண்டும். குரல் போன செய்தியை அவரே நெட்டில் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது. இதுதான் ஆர்டர். சார் எழுதியதில் தவறாக விழுந்த ஒரு துணைக்காலை டீச்சர் விரலால் அழித்துத் திருத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“அண்ணாச்சி பேரு கூப்பிடாத அண்ணையிலேருந்து மனுசன் செவத்தப் பாத்தே இருந்துகிடுதாரு பிள்ளே. எல்லாரும் மறக்கதுக்குள்ள ஏதாவது செய்யி.”

களியக்காவிளையில் கை தட்டினார்கள்

பெட்டிக்குள் பாக்கு அளவில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அவை இல்லாவிட்டால் பேச்சோடு சேர்ந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரமும் ஆகாயத்துக்குப் போகும். மார்த்தாண்டத்தில் கிடைக்கவில்லை, திருவனந்தபுரம் போனேன். அங்கே தெரிந்தவர் கடை மேஜையிலேயே உட்கார்ந்து பெட்டியைச் சேர்த்து, ஒரு சின்ன மைக்கும் பாட்டரியும் மாட்டிச் சோதித்துப் பார்த்தேன். விளக்கு அழகாக எரிந்தது. சந்தோஷத்தில் மைக்கையும் பாட்டரியையும் கழற்றாமல் அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கேரள எல்லையான களியக்காவிளையில் போலீஸ் ஏறிப் பைகளைத் திறந்து பார்த்தது. என் பை திறந்த நேரம் பார்த்து பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. பைக்குள் சிவப்பு விளக்கு. ஹாரன் நின்றதும் விளக்கும் நின்றது. ஏட்டு பையை மெதுவாகச் சீட்டில் வைத்துவிட்டு விசில் ஊதினார், மறுபடி விளக்கு. பஸ் காலியாவதற்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு சேச்சி தன் பலாப்பழத்தையும் விட்டுவிட்டு இறங்கி ஓடினார். என்னை மட்டும் தனியாக நிறுத்தி வைத்தார்கள். நான் வயர் வயராக விளக்கினேன். லைசன்ஸைக் காட்டினேன். கடைசியில் எஸ்.ஐ. தூரத்தில் நின்று ஒரு கை தட்டினார். விளக்கு எரிந்தது. இன்னும் பக்கத்தில் வந்து தட்டினார். எரிந்தது. ஏட்டும் தட்டினார். வெடிக்காது என்று உறுதியானதும் எஸ்.ஐ. பெட்டியைத் தன் கையாலேயே மூடித் தந்தார்.

“இனிமே இது மாதிரி சாமானெல்லாம் மீன் வாங்குத பையில வச்சுக் கொண்டு போங்கம்மா, எவனும் மூக்கப் பிடிச்சிட்டு விட்டுருவான்.”

மெயின் அணைத்தும் நிற்காத செட்

சார் வீடு மண்டைக்காட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். தென்னைக்குத் தென்னை கட்டிய கம்பிதான் ஆன்டெனா. பெட்டியை மேஜையில் வைத்து, ஒரு கேபிளை செட்டின் பின்புறத்து உருண்டை ஓட்டையிலும் இன்னொன்றைக் கம்ப்யூட்டரிலும் சொருகினேன். யாரும் இல்லாத அலைவரிசையாகப் பார்த்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் ‘ஒன்று, இரண்டு’ சொல்ல வைத்தேன். ‘ஒன்’ என்பதோடு மௌஸ் நின்றுவிட்டது. திரை நின்றுவிட்டது. சத்தம் மட்டும் ‘ன்ன்ன்ன்’ என்று நிற்காமல் இழுக்கிறது. ரேடியோவின் அலை கேபிள் வழியாகவே திரும்பி வந்து கம்ப்யூட்டரை உறைய வைத்துவிட்டது. சத்தம் நிற்காதவரை பெட்டி செட்டை விடாது. செட் முழுப் பலத்தில் ஆகாயத்துக்குக் கத்திக்கொண்டே இருக்கும்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், செட்டின் முதுகில் கை வைத்தால் சுடுகிற அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று. சார் வைத்திருப்பது ஒரே செட். அது கருகினால் ஆபரேஷன் செலவுக்குப் பிறகு இன்னொன்று வாங்குகிற தெம்பு அந்த வீட்டில் இல்லை. சூட்டு வாடை லேசாக வந்தது. நான் ஓடிப் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். மேலே ஃபேன் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்வெர்ட்டர்! செட்டுக்கோ தனியாக பாட்டரி. என் மூளையும் மௌஸ் மாதிரி நின்றுவிட்டது, எந்த வயரைப் பிடுங்குவது என்று தெரியவில்லை. சார் எழுந்து, மேஜைக்கு அடியில் குனிந்து, பாட்டரி முனையில் இருந்த கிளிப்பை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டார். சத்தம் நின்றது. செட் பிழைத்துக்கொண்டது. அப்புறம் கேபிள்களில் அலையைத் தடுக்கிற கறுப்பு வளையம் மாட்டி, செட்டுக்குத் தனியாக எர்த் போட்டு, மறுபடி சோதித்தேன், சரியாக வந்தது. வாசலில் நின்று எல்லாம் பார்த்த டீச்சர் சொன்னார்:

“மெயின அணச்சாலும் நிக்காத சாமான் இந்த வீட்டுல ரெண்டு இருக்கு பிள்ளே. ஒண்ணு இன்வெர்ட்டரு, இன்னொண்ணு இவரு.”

செய்தி வாசிக்கிறவன்

பெட்டி சரியானதும் குரல் பிரச்சினை வந்தது. சார் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார்: ‘எல்லாருக்கும் ராஜையனின் வணக்கம்.’ கம்ப்யூட்டர் அதை வாசித்தது. செய்தி வாசிக்கிற ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு குரல். சாருடைய குரலை நான் நெட்டில் கேட்டிருக்கிறேன். இழுத்து இழுத்து, பாதி மலையாளமும் பாதி சிரிப்புமாக வரும். இவனோ வடக்கே எங்கோ பிறந்து, யாருக்கும் பயப்படாமல், யாரையும் நேசிக்காமல் வளர்ந்தவன். சார் பலகையை எடுத்து ‘யாரு இவன்?’ என்று எழுதினார்.

வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், தூங்கி வழிந்தான். குரலைத் தடித்ததாக்கினேன், மிரட்டினான். சார் தான் பேசுகிறபடியே ‘சொகமா இருக்கியளா மக்கா’ என்று தட்டினார். அதை அவன் தேங்காய் கொப்பரை விலை நிலவரம் மாதிரி வாசித்தான். சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய், தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, என் மேலும் வந்தது. சத்தத்தை இங்கிருந்து அங்கே கடத்தத்தான் எனக்குத் தெரியும், ஒரு மனிதருக்குக் குரல் செய்து கொடுக்க நான் யார்? கருவிகளைப் பைக்குள் போட ஆரம்பித்தேன். அப்போது சார் உள்ளே வந்து, பலகையில் எழுதி என் முன்னால் வைத்தார்:

“இவனே இருக்கட்டும். ஆனா என் பேரச் சொல்லும்போது கொஞ்சம் மரியாதையாச் சொல்லச் சொல்லு.”

ஏழு மணி ஜெபம்

சனிக்கிழமை காலை நெட்டில் பேசலாம் என்று சாரும் நானும் முடிவு செய்திருந்தோம். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கடையில் என் செட்டை மெதுவாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாதவன் அண்ணாச்சி யாரிடமோ தன் ஏத்தன் வாழைக்கு வந்த நோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் பேச்சுக்கு மேலே ஏறி ஒரு பெண் குரல்: “அம்மா, கேக்குதா? எனக்கு உங்க சத்தம் கேக்குது. செரி, நான் பாட்டு தொடங்குதேன்.” அடுத்து பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கீர்த்தனை, கஞ்சிரா உட்பட.

பெட்டி மாட்டப் போன நாட்களில் அந்த வீட்டில் கேட்ட குரல்தான், சார் மகள் ஷைனி. மஸ்கட்டிலிருந்து வீடியோ கால் வழியாகத் தினமும் குடும்ப ஜெபத்தில் சேருகிற பெண். சார் ரேடியோவை நெட் அலைவரிசையில் வைத்தபடி அணைக்காமல் விட்டிருக்கிறார், மகளின் சத்தம் எப்படியோ ஸ்பீக்கருக்குப் போகாமல் என் பெட்டிக்குப் போகிறது. பாட்டும் ஜெபமும் ஹாம் ரேடியோவில் கூடவே கூடாது, லைசன்ஸே போய்விடும். டீச்சருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அந்த வீட்டில் ஜெப நேரத்தில் போன்களைச் சத்தமில்லாமல் செய்து அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிவதையாவது யாராவது பார்க்கக் கூடாதா என்று தவித்தேன். எப்படிப் பார்ப்பார்கள், எல்லாரும் கண் மூடியிருப்பார்களே! ஷைனி ஜெபிக்கத் தொடங்கினாள். வீட்டுக்காரர் வேலைக்காக, மகனின் பரீட்சைக்காக, சித்தியின் முட்டுவலிக்காக என்று ஒவ்வொன்றாக வந்தது. அப்பாவின் தொண்டை எந்த நொடியில் வரும் என்று நான் போனை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். யாருக்கும் தெரியக் கூடாது என்று அந்த மனிதர் இத்தனை மாதம் கட்டிக் காத்தது, அவர் சொல்லப்போகும் நாளுக்கு முந்தின நாள், தென் மாவட்டம் முழுவதும் கேட்கப் போகிறது. “ஆண்டவரே, எங்க அப்பாவுக்க...” என்றாள். அத்தோடு சத்தம் நின்றது. மஸ்கட்டில் இன்டர்நெட் போனதா, இங்கே போனதா தெரியாது, யார் செய்த புண்ணியமோ. அலை அமைதியானதும் மாதவன் அண்ணாச்சி வந்தார், குரல் கொதித்தது:

“நானும் தெனம் கோயிலுக்குப் போறவன்தான், சாமிக்கும் பாட்டுக்கும் நான் எதிரி இல்ல. ஆனா இது எவனோ லைசன்ஸ் இல்லாத கள்ளன், நம்ம அலையில ஏறிக் கூட்டம் நடத்துதான். இவனக் கண்டுபிடிச்சு மேல எழுதிப் போடாம விடமாட்டேன், கேட்டுக்கிடுங்க.”

வாயைத் திறந்து பேசு

விசாரித்ததில் நடந்தது இதுதான். வீட்டுக்குள் ஷைனியின் சத்தம் கேட்கவில்லை. சத்தம் எங்கே போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வருகிற வரிசையில் “கடைசியில உள்ளத அமுக்குங்கம்மா” என்று அவள் சைகையாலும் எழுத்தாலும் சொல்லியிருக்கிறாள். கடைசியில் இருந்தது என் பெட்டி. அதை அமுக்கிய பிறகும் கேட்காததால், அவள் பாட்டுக்கு ஜெபிக்கட்டும், கர்த்தருக்குக் கேட்டால் போதும் என்று விட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாள் போகட்டும், அண்ணாச்சி ஆறட்டும் என்று சாருக்கு மெசேஜ் அனுப்பினேன். ‘நாளைக்கே வா. சொல்லாமல் இருந்தால் நான் கள்ளன்தான்’ என்று பதில் வந்தது.

விடியும்போதே ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தேன். சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், முதல் வாக்கியத்தைத் தட்டித் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி ஒவ்வொரு குறியாகக் கூப்பிட்டார். சாருடைய குறி வரவில்லை. கடைசியில் “வேற யாரும் உண்டுமா?” என்று கேட்டார். சார் விரல் இறங்கியது. பெட்டியில் சிவப்பு எரிய, செய்தி வாசிக்கிறவன் சாருடைய குறியைத் தெளிவாகச் சொல்லி, “ராஜையன் பேசுகிறேன். மாதவன் அண்ணாச்சிக்கு வணக்கம்” என்றான்.

பிறகு அண்ணாச்சி, “யாருடே நீ?” என்றார். “ராஜையன் மஸ்கட்ல இருக்கான். இல்லாத மனுசனுக்க குறியத் திருடி மெஷின வச்சு வெளையாடுதியா? நேத்து பாட்டுப் போட்டதும் நீதானே? ராஜையன்னா வாயத் தொறந்து பேசுல, பாப்போம்!” சாருடைய முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. செட்டின் முன்பக்கத்தில் மாட்டியிருந்த கை மைக்கை எடுத்தேன். என் குரல் அண்ணாச்சிக்குத் தெரியும், இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சார் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பலகையில், ‘நான்தான் சொல்லணும்.’ பிறகு கீபோர்டுக்குத் திரும்பி ஒற்றை விரலால் ‘எ’ தேடினார், ‘ன்’ தேடினார். அவ்வளவு நேரம் ஆகாயம் காத்திருக்குமா? “பாத்தியளா, பதில் இல்ல” என்றார் அண்ணாச்சி. “எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இந்தக் குறியில எவன் வந்தாலும் இனி யாரும் பதில் சொல்லப்பிடாது. நான் இண்ணைக்கே மேல எழுதுதேன்.”

சார் கீபோர்டை விட்டுவிட்டு என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். பொத்தானை அமுக்கி, வாயருகே வைத்து, பேசினார். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, துணிக்குப் பின்னால் மூச்சு சீறியது. வார்த்தை ஒன்றும் வரவில்லை. அவர் பொத்தானை விடவும் இல்லை. அந்த நேரம் சமையலறையிலிருந்து தட்டோடு வந்த டீச்சர் இதைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் வெடித்தார்: “இஞ்ச பாருங்கோ! அந்த மைக்கக் கீழ வையுங்கோ! டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னது காதுல ஏறுதா? தொண்ட போயாச்சி, இனியும் என்னத்தத் தொலைக்கணும்? விடிஞ்சா ரேடியோ, அடஞ்சா ரேடியோ! காப்பி ஆறிப் போவுது, புட்டு கல்லாப் போவுது, அந்த மனுசனுவளுக்கெல்லாம் வீடு குடும்பம் ஒண்ணும் கெடையாதா?”

சார் கை நழுவி பொத்தான் விடுபட்டது. எல்லாம் ஆகாயத்துக்குப் போய்விட்டது என்பது எனக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ரேடியோவில் வெறும் இரைச்சல். பிறகு யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல், “அண்ணாச்சி, லில்லிபாய் டீச்சராக்கும்! புட்டு சொல்லிட்டாவ!” என்றார். அண்ணாச்சி மறுபடி வந்தபோது அது வேறு குரலாக இருந்தது: “ராஜையா... தொண்ட போயாச்சின்னு டீச்சர் சொல்லுதாவளே. உனக்கு என்ன ஆச்சு மக்கா?”

சார் மெதுவாகத் தட்டினார். இப்போது யாரும் அவசரப்படுத்தவில்லை, நெட் முழுக்கக் காத்திருந்தது. செய்தி வாசிக்கிறவன் வாசித்தான்: “குரல் போச்சு அண்ணாச்சி. ஆள் இருக்கிறேன்.” நான் அழுதேன், அதை உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. டீச்சர் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “எல்லாம் ஒக்கக் கேட்டுட்டா?” என்று என்னிடம் கிசுகிசுத்தார். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். நெட்டை முதலிலிருந்து தொடங்குகிற மாதிரி, சாருடைய அழைப்புக்குறியை ஒவ்வொரு எழுத்தாகக் கூப்பிட்டார். சார் ஒரே ஒரு வார்த்தையைத் தட்டினார், “ஆஜர்” என்று அவன் வாசித்தான், அந்த ஒரு தடவை கொஞ்சம் மரியாதையாகவே வாசித்த மாதிரி எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அண்ணாச்சி சொன்னார்:

“டீச்சருக்கு லைசன்ஸ் கெடையாது, ரேடியோவுல பேசப்பிடாது, சட்டப்படி நான் எழுதிப் போடணும். ஆனா ராஜையா, இத்தன வருசமும் நீ பேசும்போது பொறத்தால கேட்ட ஏச்சு இதாக்கும், இத எந்தக் கள்ளனாலயும் செய்ய முடியாது. போ, போய்ப் புட்டத் தின்னு.”

நான் மாட்டிய பெட்டி அன்றைக்குக் குறையில்லாமல் வேலை செய்தும், ராஜையன் சார் ராஜையன் சார்தான் என்று ஆகாயம் நம்பினது புட்டு ஆறிப்போன கோபத்தால்தான் என்பதை என் தொழிலுக்கு வந்த அவமானமாக எடுத்துக்கொள்வதா, ஆறுதலாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.